சுக்கானைத் திருப்பினால் படகு திரும்புமா?

“நிற்கும் படகில் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் படகு திரும்பாதாமே, ஏன் டீச்சர்?” வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். இதற்கு விடை சொல்ல, சுக்கானுக்கு முன்னால் சுழலும் உந்துவிசிறியையும் பார்க்க வேண்டும்.

மீன்பிடி இழுவைப் படகின் உருவத்தில், குடும்பப் பயணத்திற்காகக் கட்டப்படும் ‘டிராலர்’ உல்லாசப் படகுகளை எடுத்துக்கொள்வோம். இவை மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர், அதாவது 8 நாட் வேகத்தில் நிதானமாகச் செல்லும். ஜொகூர் பாசிர் கூடாங்கில் படகு கட்டும் கிராண்ட் பேங்க்ஸ் நிறுவனத்தின் பழைய 36 அடிப் படகு இவ்வகையில் புகழ்பெற்றது. அது ஓர் இயந்திரத்துடனும் கிடைத்தது. இரண்டு இயந்திரங்களுடனும் கிடைத்தது. இரண்டில் எது நல்லது?

உந்துவிசிறியின் கணக்கு

விசிறி நீரைப் பின்னால் தள்ளுகிறது. நீர் படகை முன்னால் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. எளிமைக்காகப் படகு நிற்பதாகக் கொள்வோம். விநாடிக்கு 100 கிலோ நீரை 4 மீட்டர் வேகத்தில் தள்ளினால் அந்நீர் பெறும் உந்தம் 400. செலவாகும் ஆற்றல் 800 ஜூல். 200 கிலோ நீரை 2 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்தம் அதே 400தான். ஆனால் ஆற்றல் 400 ஜூல் மட்டுமே! அதனால்தான் மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. ஒற்றை இயந்திரப் படகின் நடுவில் இத்தகைய பெரிய விசிறியைப் பொருத்தலாம். படகின் அடியில் முதுகெலும்பு போல் நீளும் ஏரா, மிதக்கும் மரக்கட்டைகளிலிருந்து அதைக் காக்கும். இரட்டை இயந்திரப் படகின் விசிறிகள் சிறியவை. பக்கவாட்டில் இருப்பதால் அடிபடும் வாய்ப்பும் அதிகம்.

சுக்கானின் வேலை

வாளி நீரில் உள்ளங்கையைச் சாய்வாக வைத்துப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. அப்படியே முன்னே நகர்த்துங்கள். கை ஒரு பக்கமாகத் தள்ளப்படும். சுக்கானும் இப்படித்தான். நீர் அதன் மீது பாய்ந்தால்தான் விசை பிறக்கும்.

ஒற்றை இயந்திரப் படகில் சுக்கான் விசிறிக்கு நேர் பின்னால் இருக்கிறது. எனவே, படகு நின்றாலும் சுக்கானைத் திருப்பி, இயந்திரத்தைச் சற்று முடுக்கினால் போதும். விசிறி தள்ளும் நீர் சுக்கானில் மோதி, படகின் பின்பகுதியைத் திருப்பிவிடும். பின்னோக்கிச் செல்லும்போதோ விசிறி நீரை முன்பக்கம் தள்ளுவதால் சுக்கான் பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. போதாக்குறைக்கு, விசிறியின் சுழற்சியே பின்பகுதியை ஒரு பக்கம் இழுக்கும். வலப்புறம் சுழலும் விசிறி என்றால் இடப்பக்கம் இழுக்கும். இது தெரியாதவர் படகைத் துறையின் சுவரில் மோதிவிடக்கூடும்; தெரிந்தவர் அதே இழுப்பைக் கொண்டு படகைத் துறையோடு அணைத்து நிறுத்துவார்.

இரட்டை இயந்திரப் படகில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு விசிறியை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் இயக்கினால், சுக்கானைத் தொடாமலேயே படகு நின்ற இடத்தில் திரும்பும். ஓர் இயந்திரம் பழுதானாலும் மற்றதைக் கொண்டு கரை சேரலாம். ஆனால் பராமரிப்புச் செலவு ஏறக்குறைய இரு மடங்கு.

ஆக, நெடுந்தூரச் சிக்கனப் பயணத்திற்கு ஒற்றை. நெருக்கடியான துறைகளுக்கு இரட்டை. அடுத்த முறை படகில் ஏறும்போது பின்புறம் நின்று நீரைக் கவனியுங்கள். படகைத் திருப்புவது சுக்கான் மட்டுமல்ல, அதன் மீது பாயும் நீரும்தான்.