தாழ்வு மனப்பான்மை: அடிக்கும் கையா, ஊட்டும் கையா?

எதிரே அண்ணன் துள்ளிக் குதித்து ஓடுகிறான். ரிக்கெட்ஸ் நோயால் உடம்பெல்லாம் கட்டுப்போட்ட தம்பி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். 1870-ல் வியன்னாவை ஒட்டிய ஊரில் பிறந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லரின் மனதில் கடைசிவரை தங்கிய காட்சி இது. பிறகு நிமோனியா. ‘பையன் தேற மாட்டான்’ என்று டாக்டர் கைவிரித்ததும் அவன் காதில் விழுந்தது. பிழைத்தவன், 1895-ல் தானே டாக்டர் ஆனான்.

அட்லரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் வியன்னாவின் பிராட்டர் கேளிக்கைப் பூங்காவில் வித்தை காட்டுகிறவர்களும் உண்டு. உடல் பலத்தால் பிழைத்த அவர்களில் பலர் சிறுவயதில் நோஞ்சான்கள். 1907-ல் உறுப்புக் குறைபாடு பற்றி அட்லர் நூல் எழுதினார். 1911-ல் உளப்பகுப்பாய்வின் தந்தை ஃபிராய்டை விட்டுப் பிரிந்தார். பெரியவர்கள் நடுவே ஒவ்வொரு குழந்தையும் சின்னதுதான். அந்தச் சிறுமையே அதை மேலே ஏறச் சொல்கிறது என்றார். ‘என்னால் ஆகாது’ என்று குழந்தை முடிவுகட்டும்போதுதான் அது தாழ்வு மனப்பான்மை என்னும் கோளாறு. வெளியே சவடால் அடிக்கிறவன் உள்ளே பெரும்பாலும் இந்தக் கேஸ்தான்.

முடிவுகட்ட வைப்பது எது? உடல் குறை, புறக்கணிப்பு, செல்லம் என மூன்றைச் சொன்னார் அட்லர். முதல் இரண்டும் நமக்குப் புரிகிறது. மூன்றாவதைத்தான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏழாம் வகுப்புப் பையன் தூங்குகிறான். அவனுடைய புராஜெக்ட் சார்ட்டை ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா வெட்டி ஒட்டுகிறார். மறுநாள் கைதட்டல் பையனுக்கு. அது தன் வேலை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ‘உனக்கு வராது’ என்று திட்டியிருந்தால்கூட ரோஷம் வந்திருக்கும். செய்துகொடுத்துவிட்டால் யாரிடம் ரோஷப்படுவது?

அட்லர் ஒருமுறை கணக்கில் ஃபெயில். செருப்புத் தைக்க அனுப்பிவிடுங்கள் என்றார் ஆசிரியர். அப்பா அசைந்துகொடுக்கவில்லை; பள்ளியிலேயே விட்டார். பையன்தான் முட்டி மோதி வகுப்பின் கணக்குப் புலியானான். குணம் மரபணுவிலேயே இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கட்டும், கணக்கை மரபணு போட்டுத் தராது.

முன்னேறத் துடிப்பது மட்டும் போதாது, அது நாலு பேருக்குப் பயன்பட வேண்டும் என்பதும் அட்லரின் கட்சி. எல்லாம் கைக்கு வந்தே பழகிய பிள்ளைக்கு அந்த நாலு பேர் வேலைக்காரர்களாகத்தான் தெரிவார்கள். அதில் முதல் ஆள், ராத்திரி கண்விழித்து சார்ட் ஒட்டிய அம்மாதான்.