கல்வட்டம் கூறும் கணக்கு

மன்னன் வென்ற போருக்கு மெய்க்கீர்த்தி உண்டு. அவன் கொடுத்த கொடைக்குச் செப்பேடு உண்டு. கல் சுமந்தவனுக்கும், உலை ஊதியவனுக்கும், மணி கோத்தவளுக்கும் என்ன உண்டு? ஏட்டைப் புரட்டினால் விடை கிடைக்காது. மண்ணைத்தான் புரட்டவேண்டும். புரட்டிய இடமொன்றைப் பற்றி இன்று பேசுவோம்.

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் மணிகளுக்குப் பேர்போன ஊராகக் கூறப்படும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர்கள் முடிவு. ஊரையடுத்த மேட்டு நிலத்தில் பெருங்கற்கள் வட்டம் வட்டமாகக் கிடக்கின்றன. அத்தனையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகள்!

இத்தகைய கல்வட்டங்கள் தமிழகமெங்கும் உண்டு. அவற்றைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்கள்? பாண்டவர் குழி என்பார்கள். குள்ளர் வீடு என்பார்கள். பூதம் காக்கும் புதையல் என்பாரும் உண்டு. பாட்டன் வியர்வை சிந்திச் செய்த வேலையைப் பாண்டவர் கணக்கில் எழுதிவிட்டு, பாட்டனைப் பெயரில்லாதவனாக்கிவிட்டோம். இது நியாயந்தானா?

1985ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கொடுமணலில் அகழாய்வைத் தொடங்கினர். பின்னர் பல கட்டங்களாகப் பலரும் தோண்டினர். கதை கலைந்தது, கணக்கு வெளிவந்தது.

கல்லறையை எப்படிக் கட்டினார்கள்? முதலில் ஆழக் குழி வெட்டினர். பாறையிலிருந்து பலகை பலகையாகக் கல்லைப் பிளந்து எடுத்தனர். நான்கு புறமும் அவற்றை நிறுத்தி, ஒன்றையொன்று சாயவிடாமல் முட்டுக்கொடுத்து, பெட்டிபோல் அமைத்தனர். ஒரு பலகையில் துளையிட்டனர். மேலே கனத்த மூடுகல்லை ஏற்றினர். மண்ணும் கல்லும் குவித்து மூடினர். சுற்றிலும் உருண்டைப் பாறைகளை வட்டமாக நட்டனர். கல்குவாரியில் பாடுபடும் தோழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, இது எத்தனை தோள்கள் சேர்ந்து செய்யவேண்டிய வேலை என்று!

உள்ளே என்ன இருந்தது? எலும்புகள் இருந்தன, கறுப்பும் சிவப்புமான பானைகள் இருந்தன, இரும்பு ஆயுதங்கள் இருந்தன. ஒரே ஒரு கல்லறையில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. கல்லறைக்குக் கல்லறை பொருளில் ஏற்றத்தாழ்வும் தெரிகிறது. செத்த பிறகும் சிலர் செல்வர்களாகவே இருந்திருக்கிறார்கள்!

இறந்தவர் செல்வர், சரி. அந்தச் செல்வத்தை ஆக்கியவர் யார்? அதைக் கல்லறை சொல்லவில்லை; அருகே உள்ள குடியிருப்பு மேடு சொல்கிறது. அங்கே இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. எஃகு செய்ததற்கான அடையாளங்கள் கிடைத்தன. அறுத்த மணி, தீட்டிய மணி, துளையிட்ட மணி, பாதியில் உடைந்து எறியப்பட்ட மணி என்று வேலையின் ஒவ்வொரு படியும் அங்கே கிடக்கிறது. நூல் நூற்ற தக்களியும் கிடைத்தது. இன்று சென்னிமலையில் தறி ஓட்டும் தோழனுக்கு இதைவிடப் பழைய உறவுச் சீட்டு வேறென்ன வேண்டும்?

இரும்புத் தாது சென்னிமலைப் பக்கமிருந்து வந்தது. பச்சைக்கல் படியூரிலிருந்து வந்தது. சூதுபவளக் கல்லோ குஜராத்திலிருந்து வந்தது. ஆற்றங்கரைப் பட்டறை ஒன்றின் கை அத்தனை தூரம் நீண்டிருக்கிறது.

அது மட்டுமன்று. பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பெயர்களும் உண்டு, பிராகிருதப் பெயர்களும் உண்டு. அரண்மனையில் அன்று, தொழில் நடந்த ஊரில், அன்றாடம் புழங்கிய பாண்டத்தில்! எழுத்து என்பது மேலிருப்போரின் தனிச்சொத்து என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஓடுகளைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இத்தனையும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன? கொடுமணலுக்கு அறிஞர் வந்தனர். அறிஞர் வராத கல்வட்டங்கள் எத்தனையோ! நிலம் சமன் செய்ய ஒருவர் புரட்டுகிறார். சல்லிக்கு ஒருவர் உடைக்கிறார். புதையல் ஆசையில் ஒருவர் இரவோடிரவாகத் தோண்டுகிறார். தோண்டியவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது உடைந்த பானையும் துருப்பிடித்த இரும்பும்தான். ஆனால் எது எந்த ஆழத்தில், எதன் அருகே இருந்தது என்னும் சான்று அழிந்துபோகிறது. அழிந்தபின் எந்த அறிஞராலும் அதை மீட்க முடியாது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. பழஞ்சின்னங்களைக் காக்க 1966ஆம் ஆண்டில் தமிழகம் தனிச்சட்டமே செய்தது. ஆனால் பாதுகாக்கப்பட்டதென அறிவித்த இடத்துக்குத்தான் அந்தக் காவல். அறிவிக்காத இடத்துக்கு ஊரே காவல்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்க் காட்டில் கல்வட்டம் இருந்தால் ஊராட்சிக்குச் சொல்லுங்கள். தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். இயந்திரம் வருமுன் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச்சென்று காட்டுங்கள். பாண்டவர் இங்கே தங்கவில்லை, நம்மைப்போல் உழைத்தவர்கள் கட்டியது இது என்று கூறுங்கள். மன்னர்களுக்குச் சான்று ஆயிரம் உண்டு. உழைத்தவனுக்கு இருப்பது இந்தக் குழியும் உலையும் ஓடும்தான். அதையும் சல்லியாக்க விடலாமா?