நடுரோட்டில் பேசி முடிக்காதீர்கள்

பாலக்காடு – பொள்ளாச்சி சாலையில் கொழிஞ்சாம்பாறையைக் கடக்கும் வண்டிகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கருங்கல் ஏற்றிய டிப்பர், சித்தூர்த் தோப்புகளிலிருந்து கள் கொண்டுபோகும் வண்டி, தேங்காய் லாரி, இவற்றுக்கு நடுவே வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போகும் பைக்குகள். இந்தச் சாலையில் ஒரு விபத்து நடந்தால் கூட்டம் கூடும், பெரியவர் ஒருவர் முன்வருவார், "கேஸ் எல்லாம் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்" என்பார். சில ஆயிரம் ரூபாய் கை மாறும். "எனக்குப் புகார் ஏதுமில்லை" என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். காலில் பிளேட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வது அதற்குப் பிறகுதான்.

இடித்தவரும் பெரும்பாலும் தெரிந்த முகமாக இருப்பதால் நம் மக்கள் தயங்குகிறார்கள். "நம்மூர்ப் பையன், அவன் குடும்பம் என்னாகும்?" என்ற இரக்கம் நல்லதுதான். ஆனால் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தால், நஷ்டஈட்டைத் தருவது இன்சூரன்ஸ் கம்பெனி. அதற்காகத்தான் மோட்டார் வாகனச் சட்டம் அந்த இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது காலாவதியாகியிருந்தால் முழுத் தொகையும் உரிமையாளர் தலையில் விழும். ஆகவே உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் எந்தத் தேதியோடு முடிகிறது என்று இன்றே பாருங்கள்.

அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், 108-ஐ அழையுங்கள். தூக்கிச் செல்பவர் போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தேசிய நெடுஞ்சாலை மட்டுமல்ல, எந்தச் சாலையில் அடிபட்டாலும் இது பொருந்தும்.

கேரள–தமிழ்நாடு எல்லையில் வாழும் தமிழர்களான நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அடிபடுவது கேரளத்தில், படுத்திருப்பது கோவை ஆஸ்பத்திரியில். எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்று அலைய வேண்டாம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இது எங்கள் ஸ்டேஷன் எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்பக் கூடாது. கேரள ஸ்டேஷனில் உங்கள் வாக்குமூலம் மலையாளத்தில் எழுதப்படும். நம்மில் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். இடித்த வண்டியின் நம்பர், நீங்கள் சாலையின் எந்தப் பக்கம் வந்தீர்கள், நேரம் ஆகிய மூன்றும் சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு வழக்கே அந்த வரிகளில்தான் நிற்கும். எஃப்ஐஆர் நகல் இலவசம். அதிகாரிகளுக்கான குறைதீர் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த பகுதியின் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலோ, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலோ போடலாம். தமிழ்நாட்டின் பல்லடத்தில் அடிபட்ட பாலக்காட்டுக்காரர் பாலக்காட்டிலேயே வழக்கு நடத்தலாம். 6 மாதத்துக்குள் போடச் சொல்கிறது சட்டம், தள்ளிப்போடாதீர்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சமும் பலத்த காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு வழி செய்கிறது. இடித்த வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. அதற்கு விபத்து நடந்த தாலுகாவின் வருவாய் அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேளுங்கள். நஷ்டஈட்டுக்கு ஆதாரமாக, டிஸ்சார்ஜ் சம்மரி முதல் மருந்துக் கடைச் சீட்டு வரை ஒன்றையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.