நைஜர் டெல்டா: போர்நிறுத்தங்கள் ஏன் நிலைப்பதில்லை?

2009 ஜூலை 12 இரவு, நைஜீரியாவின் லாகோஸ் நகரில் உள்ள அட்லஸ் கோவ் எண்ணெய் இறங்குதுறையை நைஜர் டெல்டாவைச் சேர்ந்த ஆயுதக் குழு ஒன்று தாக்கித் தீ வைத்தது. மறுநாளே, அந்தக் குழுவின் தலைவராகக் கருதப்பட்டு, தேசத்துரோக வழக்கில் சிறையிலிருந்த ஹென்றி ஒக்காவை அரசு விடுவித்தது. 15-ம் தேதி அந்தக் குழு 60 நாள் போர்நிறுத்தம் அறிவித்தது. எண்ணெய் வளம் மிக்க நைஜர் டெல்டாவில் எண்ணெய்க் குழாய்கள் வெடிப்பதும், அரசு இறங்கிவருவதும், சில மாத அமைதிக்குப் பிறகு மீண்டும் குழாய்கள் வெடிப்பதும் இப்படித்தான் நடந்துவருகிறது. காரணம் தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இன்றைய பயேல்சா மாநிலத்தில் உள்ள ஒலோய்பிரி கிராமத்தில் 1956-ல் எண்ணெய் கிடைத்தது. 1960-ல் விடுதலை வந்தபோது, ஒரு பிராந்தியத்தில் எடுக்கும் கனிம வளத்தின் வருவாயில் பாதி அந்தப் பிராந்தியத்துக்கே என்றது அரசியல் சட்டம். அடுத்து வந்த ராணுவ ஆட்சிகள் அந்தப் பங்கைச் சுரண்டிச் சுரண்டி 1980-களில் 1.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தன. மண்ணுக்கடியில் இருக்கும் எண்ணெய் முழுவதும் மத்திய அரசுக்கே சொந்தம் என்று 1969-லேயே சட்டமும் ஆகிவிட்டது. 1999 அரசியல் சட்டம் 13 சதவீதத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்கிறது. அந்தப் பணமும் மாநில ஆளுநர்களின் கைக்குத்தான் போகிறது, கிராமத்துக்கு அல்ல.

ஆயுதம் ஏந்தாமல் கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. எழுத்தாளர் கென் சரோ விவா தலைமையில் டெல்டாவின் ஒகோனி மக்கள் 1993 ஜனவரியில் லட்சக்கணக்கில் திரண்டு ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டே ஷெல் நிறுவனம் ஒகோனி நிலத்தில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. 1995 நவம்பர் 10-ல் சரோ விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் சானி அபாச்சாவின் ராணுவ அரசு தூக்கிலிட்டது. அறவழியில் கேட்டால் என்ன கிடைக்கும் என்று டெல்டாவின் அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டது அங்கேதான்.

2003 தேர்தலில் எதிராளிகளை மிரட்ட அரசியல்வாதிகள் இளைஞர்கள் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். தேர்தல் முடிந்தது, துப்பாக்கி திரும்பி வரவில்லை. குழாயில் துளையிட்டு எண்ணெய் திருடி விற்ற பணம் அதை இன்னும் பெருக்கியது. 2006 தொடக்கத்தில் ‘மெண்ட்’ என்ற நைஜர் டெல்டா விடுதலை இயக்கம் வெளியே தெரிந்தது. பின்னாளில் அட்லஸ் கோவைத் தாக்கியதும் இதுவே. வெளிநாட்டு ஊழியர்களைக் கடத்துவதும் குழாய்களைத் தகர்ப்பதும் அதன் வழி. 2008 ஜூனில் கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில் இருந்த ஷெல்லின் போங்கா தளத்தை வேகப் படகுகளில் போய்த் தாக்கினார்கள். ஆழ்கடலில் இருந்தால் பாதுகாப்பு என்ற கணக்கு அன்றோடு பொய்த்தது.

2009 மே மாதம் க்பராமாத்து பகுதியில் ராணுவம் பெரிய தாக்குதலில் இறங்கியது. ஆயுதக் குழுத் தளபதி டோம்போலோவின் முகாம் விழுந்தது. கிராமங்களும் சேர்ந்து எரிந்தன. ஆனால் தாக்குதல்களால் சரிந்திருந்த எண்ணெய் உற்பத்தி மீளவில்லை. அரசின் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு எண்ணெயிலிருந்து வந்த காலம் அது. அதிபர் உமரு யார் அதுவா ஜூன் 25-ல் பொதுமன்னிப்பு அறிவித்தார். ஆகஸ்ட் 6 முதல் அக்டோபர் 4 வரை ஆயுதத்தை ஒப்படைப்பவர்களுக்கு வழக்கு கிடையாது, மாதம் 65,000 நைரா உதவித்தொகை, தொழிற்பயிற்சியும் உண்டு. அந்நாட்டின் அன்றைய குறைந்தபட்சக் கூலியைப் போல அது பல மடங்கு. தளபதிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கெடு முடியும் நேரத்தில் டோம்போலோவும் வந்தார்.

இந்தத் திட்டத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆள் கடத்தல் குறைந்தது, உற்பத்தி மீண்டும் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாயைத் தாண்டியது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வெல்டிங் முதல் பட்டப்படிப்பு வரை படித்தார்கள். சாக வேண்டியவர்கள் பலர் பிழைத்தார்கள்.

ஆனால் பேசப்பட்டது என்ன? நிலம் யாருக்கு, வருவாயில் பங்கு எவ்வளவு, ஆற்றை யார் சுத்தம் செய்வது என்ற கேள்விகளைப் பேச மெண்ட் ஒரு தூதுக்குழுவை அமைத்தது. நோபல் பரிசு பெற்ற வோலே சோயிங்காவும் அதில் இருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் சிகிச்சைக்காக சவூதி அரேபியா போனார். பேச்சு நின்றது. அக்டோபர் 25-ல் காலவரையற்ற போர்நிறுத்தம் அறிவித்திருந்த மெண்ட், 2010 ஜனவரி 30-ல் அதை முறித்தது. மே மாதம் யார் அதுவா இறந்தார். உதவித்தொகை மட்டும் தொடர்ந்தது. அரசியல் கேள்விகளை அரசு மீண்டும் கையில் எடுக்கவில்லை.

துப்பாக்கியை ஒப்படைத்தவருக்கு மாதப் பணம். துப்பாக்கியே எடுக்காமல் வலை வீசியவருக்கும், சதுப்பில் நத்தை பொறுக்கி விற்ற பெண்ணுக்கும் ஒன்றும் இல்லை. இதைப் பார்த்து வளர்ந்த இளைஞன் என்ன முடிவுக்கு வருவான்?

2016-ல் விடை கிடைத்தது. புதிய அதிபர் புஹாரி பொதுமன்னிப்புத் திட்டத்துக்கான நிதியை வெட்டினார். ‘நைஜர் டெல்டா அவெஞ்சர்ஸ்’ என்ற புதுக் குழு, ஃபோர்காடோஸ் முனையத்தின் கடலடிக் குழாயைத் தகர்த்தது. உற்பத்தி 20 ஆண்டுகளில் காணாத அளவுக்கு, நாளொன்றுக்குச் சுமார் 14 லட்சம் பீப்பாய்க்குச் சரிந்தது. ஆகஸ்டில் போர்நிறுத்தம். நவம்பரில் இஜா இனத்தின் மூத்த தலைவர் எட்வின் கிளார்க் தலைமையில் பிரதிநிதிகள் 16 கோரிக்கைகளோடு அதிபரைச் சந்தித்தார்கள். நிதி திரும்பி வந்தது. கோரிக்கைகளில் பெரும்பாலானவை காகிதத்திலேயே இருந்தன.

2022-ல் அரசு இன்னும் ஒரு படி போய், குழாய்களைக் காவல் காக்கும் ஒப்பந்தத்தை டோம்போலோவோடு தொடர்புடைய டண்டிடா நிறுவனத்திடம் கொடுத்தது. ஆண்டுக்கு 4,800 கோடி நைரா என்று செய்திகள் வந்தன. பலன் இல்லாமல் இல்லை. ஃபோர்காடோஸிலிருந்து கடலுக்குள் 4 கிலோமீட்டர் ஓடிய திருட்டுக் குழாய் ஒன்று அக்டோபரில் பிடிபட்டது. ஒன்பது ஆண்டுகளாக அது இயங்கியது என்று அரசு எண்ணெய் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பாதுகாப்புப் படைகள் நிறைந்த இடத்தில் ஒன்பது ஆண்டு! இளைஞர்களை மட்டும் திருடர்கள் என்று சொல்வது எவ்வளவு அநியாயம் என்பது இதிலேயே தெரியும்.

இன்று டெல்டாவின் உப்பங்கழிகளில் நடக்கும் தொழில் இது: அலையாத்திக் காட்டுக்குள் இரும்புத் தொட்டியில் திருட்டுக் கச்சா எண்ணெயை ஊற்றி, அடியில் தீ மூட்டுகிறார்கள். ஆவி குழாய் வழியே தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து டீசலாகச் சொட்டுகிறது. மிஞ்சும் கறுப்புக் கழிவை அப்படியே ஆற்றில் விடுகிறார்கள். 2022 ஏப்ரலில் இமோ மாநிலத்தில் இப்படியொரு உலை வெடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனி நிலத்தை ஆராய்ந்து 2011-ல் அறிக்கை வெளியிட்டது. நிசிசியோகென் ஒகாலே என்ற ஊரில், கிணறுகளுக்கு ஊறும் நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப் போல 900 மடங்குக்கு மேல் இருந்தது. அந்தத் தண்ணீரை மக்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிலத்தையும் நீரையும் மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்றது அறிக்கை. களத்தில் சுத்திகரிப்பு வேலை தொடங்கவே 2019 ஆகிவிட்டது.

2025 மார்ச்சில் ரிவர்ஸ் மாநிலத்தில் எண்ணெய்க் குழாய் வெடித்தது. மாநிலத்தின் அரசியல் சண்டையையும் இதையும் காரணம் காட்டி அதிபர் டினுபு நெருக்கடி நிலை அறிவித்து ஆளுநரை இடைநீக்கம் செய்தார். அந்த ஆண்டு ஜூனில் சரோ விவாவுக்கும் தோழர்களுக்கும் மன்னிப்பு அறிவித்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கு என்று ஒகோனி ஆதரவாளர்கள் கேட்டதில் முழு நியாயம் உண்டு.

நைஜீரியக் கச்சா எண்ணெயைப் பல ஆண்டுகளாகப் பெருமளவில் வாங்கிவரும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அங்கே இன்னொரு போர்நிறுத்தம் என்ற செய்தி அடுத்த முறை கண்ணில் பட்டால், யாருக்கு எவ்வளவு பணம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒகாலே கிணறுகளைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.