மூச்சை அடக்காதே!

முத்துக் குளிப்போர் காலில் கல்லைக் கட்டிக் கடலில் இறங்கிய கதையை நாம் அறிவோம். நீண்ட நேரம் மூச்சடக்கியவரே அங்கு கெட்டிக்காரர். 1943-இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் கான்யானும் சேர்ந்து நீரடிச் சுவாசக் கருவியை உருவாக்கியதும் இந்த நியதி தலைகீழாயிற்று. முதுகில் காற்றுக் கலத்துடன் இறங்குபவர் மூச்சை அடக்கவே கூடாது!

காரணம் நமது பௌதிகப் பாடத்திலேயே உள்ளது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்காகும். அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது பாயில் விதிப்படி இருமடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். இது முதல் நாளே கற்பிக்கப்படுவதுதான். ஆனால் பயம் வந்தால் மூச்சு தானே நின்றுவிடுகிறதே! ஆகவே, அடுத்த கட்டப் பயிற்சியில் பெரும்பகுதி, பதறாமல் மெல்ல மூச்சுவிடப் பழகுவதுதான். 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மும்மடங்கு காற்று செலவாகும். பதறுகிறவரின் கலம் விரைவில் காலியாகும்.

இன்னொன்று மிதப்பு. புதியவர்கள் மூழ்குவதற்காகத் தேவைக்கு மேல் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொள்வார்கள். பிறகு அந்தப் பாரத்தைத் தாங்க மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றுவார்கள். அக்காற்றோ சிறிது ஏறினாலும் விரியும், இறங்கினாலும் சுருங்கும். பாவம், அவர்கள் கையை வீசித் தத்தளித்து, சேற்றைக் கலக்கி, பல நூறாண்டு வளர்ந்த பவளத்தையும் உடைத்துவிடுவார்கள். தேர்ந்தவர் மீனைப் போல் கிடைமட்டமாக இருப்பார். மூச்சை இழுத்தால் சற்றே உயர்வார், விட்டால் தாழ்வார். கைக்கு வேலையே இல்லை.

ஈயத்தைக் குறைக்கும்போதும் ஒரு கணக்கு உண்டு. 12 லிட்டர் கலத்தில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறக்குறைய 3 கிலோ எடை! (காற்றுக்கு எடையா என்று கேட்கும் தங்கைகள் ஆசிரியையிடம் கேட்கவும்.) அது செலவாகச் செலவாக உடல் இலேசாகும். எனவே கலம் காலியாகும் நிலையில்தான் எடையைச் சரிபார்க்க வேண்டும்.

ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விரைந்து ஏறினால் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழியிடும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை அதனால் நேரலாம். ஆகவே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பது வழக்கம். எடைக் கணக்குத் தவறியவரால் அங்கே நிற்க இயலாது; பந்துபோல் மேலே கிளம்பிவிடுவார்.