மழையை மறுபடி பெய்ய வைத்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள்

பூண்டி ஏரி நிரம்பி உபரி நீர் திறந்து விடப்பட்டால் கொசஸ்தலை ஆற்றங்கரை விவசாயிக்கு மட்டுமல்ல, எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து மீனவருக்கும் கவலைதான். ஆற்றின் வாயில் மணல் மேடிட்டிருந்தால் வெள்ளம் கடலுக்குள் வடியாது. மேலே நெற்பயிர் மூழ்கும், கீழே குடிசைக்குள் தண்ணீர் ஏறும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழை மறக்கக் கூடியதல்ல. மறுநாள் காலைக் கணக்கில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். பூமி சூடாவதுதான் காரணம் என்று அப்போது பலரும் சொன்னார்கள். உண்மைதானா? பெய்தது ஒரே ஒரு தடவை. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல இயலாது.

விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதே பருவத்தைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்ப்பது. ஒரு பகுதியை இன்றைய காற்று, கடல் நிலையிலும், மறு பகுதியை மனிதன் புகை கலக்காத உலகத்திலும் ஓட்டி, எதில் பெருமழை அதிகம் வருகிறது என்று எண்ணுவது.

இத்தனை கணக்கையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் மிக நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2003 முதல் பொதுமக்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களை, அவை சும்மா இருக்கும் நேரத்தில், இரவல் வாங்கி வருகிறது. இது பெரியவலை இழுப்பது போன்றதல்ல. அதில் எல்லோரும் ஒரே நேரத்தில் கயிற்றைப் பிடித்தாக வேண்டும். இது நடவு போன்றது. ஆளுக்கு ஒரு பாத்தி. ஒருத்தி வராவிட்டால் அவள் பாத்தியை அடுத்தவளுக்குக் கொடுத்து விடலாம். ஒரு கம்ப்யூட்டர் ஒரு பருவத்தின் வானிலையைக் கணக்கிட்டு இணையம் வழியே திருப்பி அனுப்பும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சென்னை மழை ஆராய்ச்சியிலும் இந்த ஏற்பாடு பயன்பட்டது. நெதர்லாந்து வானிலை நிறுவனம், ஆக்ஸ்போர்டு ஆகியவற்றின் விஞ்ஞானிகளுடன் டில்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ண அச்சுதராவும் சேர்ந்து செய்தது இது. முடிவு 2016-இல் வெளியாயிற்று: அந்த மழையில் பூமி சூடானதன் பங்கு எதுவும் புலப்படவில்லை! காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெயிலை மறைத்து, வெப்பத்தின் விளைவை இதுவரை அமுக்கி வைத்திருக்கக் கூடும் என்பது அவர்கள் அபிப்பிராயம். 'இதுவரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். துகள்கள் குறைந்தால் நிலைமை மாறலாம்.

எதிர்பார்த்த பதில் வரவில்லை என்று அதை மூடி வைக்காதது நல்ல காரியம். பழியை வானத்தின் மீது போட்டுவிட்டு, எண்ணூர் கழிமுகத்தில் படியும் மணலையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் மறந்துவிட முடியாது அல்லவா?

கம்ப்யூட்டரும் இணையமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் 'பாயிங்க்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு இத்தகைய ஆராய்ச்சிகளில் சேரலாம். மின்சாரக் கட்டணம் மட்டும் சற்றுக் கூடும்.