யாரும் துரத்தாத ஓட்டம்

'ஓடினோம்' என்று எமது பெண்கள் சொல்லும்போது அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. ஷெல் விழுந்த இடத்திலிருந்து, கைக்குழந்தையை இடுப்பிலும் துணிப்பையைத் தோளிலும் சுமந்துகொண்டு ஓடிய ஓட்டம் அது. சமூகப் பணியாளராக நான் மகளிர் குழுக்களில் கேட்ட கதைகளில் எத்தனையோ ஓட்டங்கள் உண்டு. விரும்பி ஓடிய ஓட்டம் ஒன்றுகூட இல்லை. ஆகவே, மலை விளிம்பில் தம் விருப்பத்துக்காக ஓடும் பெண்களைப் பற்றி நான் எழுதுவது உங்களுக்குப் புதினமாகத் தோன்றலாம். ஆனாலும் அந்த மலையின் கதையில் எமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இங்கிலாந்தில் மன்செஸ்ரர், ஷெபீல்ட் ஆகிய இரு கைத்தொழில் நகரங்களுக்கு இடையில் பீக் மாவட்டம் என்ற மலைப்பிரதேசம் உள்ளது. அதன் அதியுயர்ந்த இடம் கிண்டர் ஸ்கௌட். உயரம் 636 மீற்றர் மட்டுமே. எமது மலையகத்தோடு ஒப்பிட்டால் பெரிய உயரமல்ல. அது கூர்மையான சிகரமும் அல்ல; மேசை போன்று பரந்த மேட்டுநிலம். மரங்கள் அரிது. செடிகொடிகள் முழுதாக உக்கிப்போகாமல் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்த கறுத்த சதுப்பு மண்ணே எங்கும். ஓகஸ்ட் மாதத்தில் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து, நிலம் கத்தரிப்பூ நிறமாகிவிடும். மேட்டுநிலத்தின் ஓரம் சொரசொரப்பான பாறைகளாகச் செங்குத்தாக இறங்குகிறது. அந்த விளிம்பை ஒட்டியே பாதை செல்கிறது.

2018 ஓகஸ்டில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக மன்செஸ்ரர் சென்றிருந்தேன். ஒரு விடுமுறை நாளில் ரயிலேறி எடேல் என்ற சிறு கிராமத்தில் இறங்கினேன். அங்கிருந்து வயல்வெளிகளைக் கடந்து, 'ஜேக்கப்பின் ஏணி' எனப்படும் கற்படிகளில் மூச்சிரைக்க ஏறினால் விளிம்புப் பாதை வந்துவிடும். எனக்கு ஓட இயலாது, நடந்தேன். பலர் ஓடினார்கள். முழங்கால் வரை சேறு, முதுகில் சிறு பை. அவர்களில் தலை நரைத்த பெண்களும் இருந்தார்கள். நான் ஒதுங்கி நின்றபோது நன்றி சொல்லிக் கடந்து போனார்கள். ஒருத்தியும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையே நான் திரும்பத் திரும்பக் கவனித்தேன். தன்னை யாரும் துரத்தவில்லை என்று தெரிந்தவளின் ஓட்டம் அப்படித்தான் இருக்கும் போலும்.

அந்தப் பாதை எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பொதுநிலமாயிருந்த மேட்டுநிலங்கள் தனியார் உடைமையாக்கப்பட்டன. செல்வந்தர்கள் காட்டுக்கோழிகளைச் சுட்டு விளையாடுவதற்காக அவை பாதுகாக்கப்பட்டன. ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் கிழமை முழுவதும் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலையேற வந்தால் காவலாளிகள் தடியோடு மறித்தார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் திகதி ஏறத்தாழ 400 பேர், பெரும்பாலும் இளம் தொழிலாளர்கள், தடையை மீறிக் கிண்டர் மலையில் ஏறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது.

அன்றே பாதை திறந்துவிடவில்லை. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951இல் பீக் மாவட்டம் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவானது. 1965இல் எடேலிலிருந்து ஸ்கொட்லாந்து எல்லை வரை 'பெனைன் வே' என்ற நெடும்பாதை திறக்கப்பட்டது. மேட்டுநிலங்களில் பொதுமக்கள் கால்நடையாக எங்கும் செல்லும் உரிமையை 2000ஆம் ஆண்டின் சட்டம் வழங்கியது. இடையில் 68 வருடங்கள். அன்றைய நில உடைமையாளரின் பேரனான டெவன்ஷயர் கோமகன் 2002இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வேலியடைத்த காணிக்கு முன்னால் வருடக்கணக்காகக் காத்து நின்றவர்களுக்கு இந்த 68 வருடங்களின் நீளம் விளங்கும்.

இன்னுமொரு விடயம். கிண்டருக்கு வடக்கே கால் புதையும் சதுப்பில் பெரிய கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பல, இடிக்கப்பட்ட பருத்தி ஆலைகளின் தரைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரு காலத்தில் ஆலைப் பெண்கள் நாள் முழுவதும் நின்று வேலை செய்த கற்களின் மேல் இன்று பெண்கள் ஓடுகிறார்கள்.

அந்தப் பெனைன் பாதையில் ஒவ்வொரு ஜனவரியிலும், கடுங்குளிரில், ஓட்டப் போட்டி ஒன்று நடைபெறுகிறது. தூரம் சுமார் 430 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உள்ள தூரத்திலும் அதிகம். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே ஓடுவார்கள். 2019இல் அதில் எல்லோரையும் முந்தி முதலிடம் பெற்றவர் ஜாஸ்மின் பாரிஸ். கால்நடை வைத்தியர், 14 மாதக் குழந்தையின் தாய். ஓட்டத்துக்கு இடையில் தங்குமிடங்களில் குழந்தைக்காகத் தாய்ப்பாலை எடுத்துவைத்தார். 83 மணித்தியாலம் 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். அதுவரை இருந்த சாதனை ஓர் ஆணுடையது. அதைவிட இது 12 மணித்தியாலங்கள் குறைவு.

"பெண்ணால் முடியாதது இல்லை" என்று சொல்லி இதை முடித்துவிட நான் விரும்பவில்லை. அவர் ஓடிய நாட்களில் குழந்தையை வேறு கைகள் தாங்கின. எம்மில் பலருக்கு அந்தக் கைகள் இல்லை. குடும்பத்தைத் தனியே தலைமை தாங்கும் பெண்ணுக்குத் தனக்கென்று அரை மணித்தியாலம் எடுப்பதே பெரும்பாடு. எடுத்தாலும் "பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே உலாத்துகிறாள்?" என்று கேட்க ஊரில் ஆளுண்டு. எமது காணிகளைச் சுற்றிய வேலி கண்ணுக்குத் தெரிந்தது. இந்த வேலி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கிண்டர் மலையில் போலவே, இதையும் தனியொருத்தியாகக் கடப்பது கடினம், சேர்ந்து கடக்கலாம்.

ஆகவே எனது வேண்டுகோள் சிறியது. அயலில் உள்ள மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து, வெயில் தாழ்ந்த பின் அரை மணித்தியாலம் நடவுங்கள். ஒருநாள் ஒருத்தி எல்லோருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும், மறுநாள் மற்றவள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத இடங்களுக்குள் இறங்க வேண்டாம். உடலில் ஷெல் துண்டுகள் உள்ளவர்களும் காலில் காயமுற்றவர்களும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். செயற்கைக்கால் அணிபவர்கள் தமக்கேற்ற தூரத்தைத் தாமே தீர்மானிக்கட்டும். நடக்கும்போது பழைய ஓட்டத்தின் நினைவு வந்து நெஞ்சு படபடத்தால், நில்லுங்கள்; பக்கத்தில் வருபவளின் கையைப் பிடியுங்கள். அது பலவீனமல்ல. தொடர்ந்து வந்தால் உளவளத்துணையாளரிடம் பேசுங்கள்.

ஊர் ஏதாவது கேட்கும். "நடக்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டிய கடமை எமக்கில்லை.